பெடல் கொடுத்த அல்வா

காலை ஏழு மணிக்கு ஒரு லோடு வண்டியின் வயிற்றுக்கடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடப்பதில் இவ்வளவு ஆனந்தம் இருக்கிறதென்று எனக்கு இதுவரை யாருமே சொன்னதில்லை. மூக்குக்கு ஒரு சாண் மேலே பிரேக் குழாய் ஓடுகிறது. பென்சில் தடிமன்கூட இல்லை. இந்தத் துக்கடாக் குழாயை நம்பியா ஒன்றரை டன் வாழைத்தார் மலையிறங்குகிறது! சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. அச்சில் காய்ந்திருந்த சேற்றில் ஒரு வாழைநார் ஒட்டிக்கொண்டு ஆடியது.

"சார், பாத்தது போதும், எந்திரிங்க. நோவு கீழ இல்ல. சீட்டுல உக்காந்தாத்தான் தெரியும்" என்று அண்ணாச்சியின் குரல் வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைக்கு நேராக நின்ற இரண்டு ரப்பர் செருப்புகள்தான்.

அண்ணாச்சியின் பட்டறை தச்சநல்லூர் தாண்டி மதுரை ரோட்டோரத்தில் இருக்கிறது. பெயரைப் போடக் கூடாது என்பது முதல் நிபந்தனை. "போட்டா ஆளு வரும், ஆளு வந்தா பேச்சு வரும், பேச்சு வந்தா வேல எங்கன ஓடும்?" இரண்டாவது நிபந்தனை, எதையும் தொடக் கூடாது. மூன்றாவது, பெடல் மிதிக்க ஆள் வேண்டுமென்றால் நான் ஏறி மிதிக்க வேண்டும். இந்த மூன்றாவதுக்கு நானே காசு கொடுத்திருப்பேன். முந்தின நாள் ஜங்ஷனில் வாங்கிய அரைக்கிலோ அல்வாவை நுழைவுக் கட்டணமாக மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். பிரேக்கைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: மிதித்தால் நிற்கும்.

வண்டி, குட்டியானைக்கு அண்ணன், லாரிக்குத் தம்பி. முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம். வயது 14. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்து ஏத்தன் தார்களை அடுக்கிக்கொண்டு கடையம், தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போவதுதான் அதன் பிழைப்பு. ஓணம் நெருங்கினால் அதற்கும் அதன் டிரைவருக்கும் தூக்கம் கிடையாது. டிரைவர் சேரன்மகாதேவிக்காரர், நாற்பது வயதிருக்கும். வந்ததும் வராததுமாக இரண்டு நோவையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"இடது முன்சக்கரத்துல பேடு ஒரு பக்கம் மட்டும் தின்னுருது அண்ணாச்சி. புதுசு போட்டு ஆறு மாசம்கூட ஆவல. பிரேக் அடிச்சா வண்டி வலது பக்கமா ஒதுங்குது. பெடலு வேற மெத்தை மாதிரி அமுங்குது. ரெண்டு தடவ ஏரு எடுத்தாச்சு. எடுத்த அன்னிக்கும் அதே கததான்."

பேடு தேய்வதால்தான் பெடல் அமுங்குகிறது என்பது டிரைவரின் கட்சி. பார்க்கப்போனால் நியாயமாகத்தான் தெரிந்தது. அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கதவைத் திறந்து சீட்டில் ஏறினார்.

இதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். என்ஜினை ஓட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நாதஸ்வரக்காரர் கச்சேரிக்கு முன்னால் சீவாளியை உதட்டில் வைத்துப் பார்ப்பாரே, அந்த நிதானத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பெடலை அமுக்கினார். விட்டார். சட்சட்டென்று மூன்று தடவை அமுக்கினார். பிறகு ஒரு தடவை அமுக்கி அப்படியே பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ எண்ணினார். பிறகு என்ஜினை ஓட்டினார், பெடல் கால் அங்குலம் கீழே போனது, தலையை ஆட்டினார். கீழே இறங்கும்போது பாதி வியாதியைத் தள்ளிவிட்டிருந்தார்.

நச்சரித்துக் கேட்டு வாங்கிய விளக்கம் இது. பெடலில் சாதி உண்டு. முதல் மிதியில் தாழ்ந்து, இரண்டாவது மூன்றாவது மிதியில் மேலே எழும்புவது ஏறுத பெடல். பின்சக்கர டிரம்முக்கும் லைனிங்குக்கும் இடைவெளி கூடியிருக்கலாம், காற்றும் இருக்கலாம். மிதித்துப் பிடித்தால் பையப் பையக் கீழே போவது இறங்குத பெடல். வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் விட்டுக்கொடுக்கிறது என்று அர்த்தம். கல் மாதிரி இருக்கும், வண்டியும் நிற்காது என்றால் பூஸ்டரைப் பார்க்க வேண்டும். என்ஜின் நிற்கும்போது நாலு மிதி மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே உள்ளே போக வேண்டும். போனால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. காலையில் நன்றாக இருந்து மலையிறங்கியதும் மட்டும் தரையைத் தொட்டால் பிரேக் ஆயில் கொதிக்கிறது. கடைசியாக ஒன்று. எப்போது மிதித்தாலும் அமுங்கும், காலை மெல்லத் திருப்பித் தள்ளும், பிடித்தால் கீழே இறங்காது.

"இது என்ன பெடல் அண்ணாச்சி?"

மேஜையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். "அல்வா பெடல்."

திருநெல்வேலிக்காரன் வாயால் இதைக் கேட்க வேண்டும். ஏமாற்றுவதற்கு அல்வா கொடுப்பது என்று தமிழ்நாடே எங்கள் பலகாரத்தின் பேரைக் கெடுத்து வைத்திருக்கிறது. ஆனால் நிற்பேன் என்று சொல்லி நிற்காமல் வழுக்கும் பிரேக்குக்கு அதைவிடப் பொருத்தமான பேரை யாரால் வைத்துவிட முடியும்?

குழாயைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஓர் உவமை நாக்கில் துடித்துக்கொண்டிருந்தது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. பாபநாசத்தில் திறந்தால் கால்வாய் வழியே வயல் வயலாகத் தண்ணீர். மாஸ்டர் சிலிண்டர்தான் பாபநாசம், சக்கரங்கள்தான் கடைமடை என்று அவிழ்த்துவிட்டேன். டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கடைமடைக்குத் தண்ணி வருத வேகத்துல இது வந்தா, நா புளியரை எஸ் வளைவுலயே போய்ச் சேந்துருவேன் சார்."

உவமை அங்கேயே செத்தது. செத்ததும் நல்லதுதான், அது தப்பு. பிரேக் குழாயில் ஒன்றும் ஓடுவதில்லை. முழுக்க நிரம்பிய, மூடிய குழாய் அது. ஒரு மூலையில் அழுத்தினால் எல்லா மூலைக்கும் அதே அழுத்தம் உடனே போய்ச் சேரும். பிரான்சின் பாஸ்கல் 17-ம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். அதை வண்டிச் சக்கரத்துக்குக் கொண்டுவர அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் 1917-ல் காப்புரிமை வாங்க வேண்டியிருந்தது. 1921-ல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரத்திலும் திரவ பிரேக்கோடு வந்தது. எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒரே குணம்தான்: திரவம் அமுங்காது. காற்று அமுங்கும். சுண்டைக்காய் அளவு காற்று உள்ளே புகுந்துவிட்டால் கால் கொடுக்கும் உதையை முதலில் அது வாங்கிச் சுருங்கிக்கொள்கிறது. மிச்சம்தான் சக்கரத்துக்கு.

ஆக, காற்று. அப்படியென்றால் எடுத்துவிட வேண்டியதுதானே? அண்ணாச்சி அதைத் தொடவே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். பட்டறைப் பையன் ஒரு செம்புத் தண்ணீரோடு காத்திருந்து நான்கு சக்கரத்தின் நடுவிலும் நாலு சொட்டுத் தெளித்தான். மூன்றில் தண்ணீர் வழிந்தது. இடது முன்சக்கரத்தில் சுர்ரென்று பொங்கி மறைந்தது, தோசைக்கல்லில் தெளித்த மாதிரி. காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரத்தில் மட்டும் பேடு உரசிக்கொண்டே வந்திருக்கிறது.

ஜாக்கி, அடியில் ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. சக்கரம் கழன்றது. பையன் கரியைக் காற்றடித்து ஊதப்போனான். அண்ணாச்சி ஒரு அதட்டல் போட்டார். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது, நுரையீரலுக்கு எமன். இப்போதைய தூளும் சந்தனப்பொடி அல்ல. ஈரத்துணியால் துடைத்தான்.

பிறகு தினத்தாளை விரித்து நான்கு பேடுகளையும் கழற்றிய இடம் மாறாமல் வரிசையாக வைத்தார்கள். வலதுசக்கரத்து ஜோடி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், ஒரே கனம். இடதுசக்கரத்து ஜோடியைப் பார்த்ததும் எனக்கே விசில் வந்தது. உள்பக்கத்துப் பேடு இரும்புத் தகடு எட்டிப் பார்க்கும்வரை தேய்ந்திருக்கிறது. வெளிப்பக்கத்துப் பேடு கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறது, அதிலும் ஒரு முனை தடிமன், மறுமுனை மெலிவு. ஆப்பு மாதிரி.

"எல்லாரும் தேஞ்சத தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசப் போட்டுருவாங்க சார். எறியுததுலதான் சேதி இருக்கு" என்றார் அண்ணாச்சி. அந்த ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாசித்துக் காட்டியதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். இந்த மாதிரி வண்டிகளில், பேடுகளைப் பிடிக்கும் கேலிப்பருக்கு உள்பக்கம் மட்டும்தான் பிஸ்டன். அது உள்பேடைத் தள்ளி டிஸ்க்கில் அழுத்தும். அழுத்தியதும், தள்ளிய விசைக்கு எதிர்விசையாகக் கேலிப்பர் முழுவதும் மறுபக்கம் நகர்ந்து வெளிப்பேடை இழுத்து அழுத்த வேண்டும். இடுக்கியின் ஒரு கையைப் பிடித்தால் மறுகையும் வந்து சேருவதுபோல. நகர்வதற்கு மேலும் கீழுமாக இரண்டு பின்கள், அவற்றுக்கு ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். பின் இறுகிப்போனால் கேலிப்பர் நகராது. உள்பேடு மட்டும் உழைக்கும், தேயும். காலை எடுத்தாலும் பின்வாங்க இடமில்லாமல் உரசும், சூடேறும். அந்தப் பக்கத்துப் பிடி பலவீனம் என்பதால் மிதித்ததும் வண்டி மறுபக்கம் ஒதுங்கும். வலது பக்கம்! டிரைவர் சொன்னது அத்தனையும் தேய்ந்த ஒரு துண்டில் எழுதியிருக்கிறது. சரி, ஆப்பு வடிவம்? "ஒரு பின்னு வருது, ஒண்ணு வரமாட்டேங்குது. கேலிப்பரு கோணிக்கிட்டு வருது. எந்தப் பின்னுன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்."

மெலிந்த முனை மேலே. மேல்பக்கம் வந்து கடிக்கிறது, கீழ்ப்பக்கம் வரவில்லை. "கீழ் பின்" என்றேன், பரீட்சை எழுதும் பிள்ளையின் குரலில். பையன் கீழ் பின்னைத் திருகிப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. நான் துள்ளிக் குதித்ததில் பக்கத்து ஸ்பேனர் தட்டு கவிழ்ந்தது. தொடக் கூடாது என்ற இரண்டாவது நிபந்தனையைக் காலால் மீறிய குற்றத்துக்கு அத்தனை ஸ்பேனரையும் நானே பொறுக்கி, நம்பர் வாரியாக அடுக்கினேன்.

தட்டித் தட்டி வெளியே வந்த பின், துருவும் காய்ந்த கிரீஸுமாகக் கரும்புத்தோகைச் சாம்பலில் புரட்டியது போலிருந்தது. யாரோ பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸை அப்பியிருக்கிறார்கள். அது பிரேக் ரப்பருக்கு ஆகாது, உறையை ஊத வைத்துவிடும். ஊதிய உறை வாயைத் திறக்கும், மழைத்தண்ணீர் போகும், துரு பிடிக்கும். நைஸ் எமரியால் தேய்த்து, குழியையும் சுத்தம் செய்து, உறையை மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவி உள்ளே விட்டதும் பின் வெண்ணெயில் விரல்போல ஓடியது. பையன் அதை வெளியே இழுத்தும் உள்ளே தள்ளியும் காட்டினான். நானும் கெஞ்சி ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன்.

புதுப் பேடு வாங்க இன்னொரு பையன் வண்ணார்பேட்டைக்குப் பறந்தான். அந்த இடைவெளியில் அல்வா பிரிக்கப்பட்டது. பழைய டப்பாக்கள் அடுக்கியிருந்த பலகையில் பாதிக்குமேல் சென்னை பாடியின் முகவரி. பிரேக்ஸ் இந்தியா அங்கே 1962-ல் பிரிட்டனின் கர்லிங் கூட்டோடு தொடங்கியது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974. இரண்டும் டி.வி.எஸ். குடும்பத்து வழி. அந்தக் குடும்பத்தின் மூலவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877-ல் பிறந்தது எங்கே? இதே நெல்லைச் சீமையில், மலையடிவாரத்துத் திருக்குறுங்குடியில். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தின் முதலெழுத்தே ஊர்தான்! மதுரைக்குப் போய் பஸ் விட்டார், மற்றதெல்லாம் தெரிந்த கதை. அந்த ஊர் நம்பி கோயில் வாசலில் பிறந்த பேர் ஒன்று நாட்டின் எத்தனையோ வண்டிகளின் சக்கரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று நான் உருகியபோது அண்ணாச்சி இரண்டாவது வில்லை அல்வாவை எடுத்தார். அவருக்கு இது தெரியும். அவருக்கு எல்லாம் தெரியும்.

தெரியாததாக ஒன்றைச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். பிரேக் லைனிங் கம்பெனி ஒன்று பிறந்தது மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டியைப் பார்த்துத்தான். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேடுகளில் வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸை மாட்டி உரச விடுவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். செருப்பைவிட நல்லதாக ஒன்றைச் செய்யலாமே என்று 1897-ல் இறங்கினார். தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்து, ஃபெரோடோ என்று கம்பெனிக்குப் பேர் வைத்தார். "பழைய செருப்பா?" என்று பையன் தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

பேடு வந்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடி சமமிராது என்பதால் இரண்டு முன்சக்கரத்துக்கும் ஜோடி ஜோடியாகப் போட்டார்கள். டிஸ்க்கில் வரி விழுந்திருந்தது, ஆழமில்லை, தப்பித்தது. இப்போது பின்பக்கம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அங்கே சுவாரசியம் ஒன்றுமில்லை. டிரம்மைக் கழற்றினார்கள், வீல் சிலிண்டரில் கசிவு இல்லை, லைனிங்கில் மிச்சமிருந்தது, இடைவெளியை அட்ஜஸ்ட் செய்து மூடினார்கள்.

மணி பன்னிரண்டு. "சார், ஏறுங்க."

என் வாழ்க்கையின் உச்சம் அது. சீட்டில் நான், இடது பின்சக்கரத்தடியில் அண்ணாச்சி. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவான சக்கரத்தில் ஆரம்பிப்பது இந்தப் பட்டறை வழக்கம். பையன் ஆயில் டப்பா பக்கத்தில், டப்பா வறண்டால் மறுபடி காற்று புகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குக் காவல். அச்சைத் தொங்க விடாமல் சக்கரத்தின் பாரத்திலேயே வண்டியை நிறுத்தியிருந்தார்கள். பின் அச்சருகே பாரத்தை அறிந்து பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. அச்சு தொங்கினால் வண்டியில் சரக்கே இல்லை என்று நினைத்து அது பின்பக்கத்து வழியை நெரித்துவிடும். எவ்வளவு ரகசியம் பாருங்கள் இந்தத் தொழிலில்!

"அமுக்கு... அமுக்கு... அமுக்கு... பிடி!" பிடித்தேன். கீழே காற்றுவிடும் நிப்பிள் திறந்தது. சர்ர்ரென்று கால் தரைக்குப் போனது. "விடாதீய!" நிப்பிள் மூடியது. "இப்ப விடுங்க." மறுபடி. மறுபடி. வெளியே வந்த பழைய ஆயில் கருப்பட்டிப் பாகு நிறம். புதிது தேன் நிறம். பாட்டிலில் பாகு போய்த் தேன் வரும்வரை மிதித்தேன், நான்கு சக்கரத்துக்கும். குமிழி வருவது நின்றது. தொடை நடுங்கியது. பெருமையோடு கடைசியாக ஒரு மிதி மிதித்தேன்.

அல்வா.

சத்தியமாகச் சொல்கிறேன், பட்டறையில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான்தான் சரியாக மிதிக்கவில்லையோ என்று எனக்கு வேர்த்தது. அண்ணாச்சி மட்டும் டீ சொன்னார். டீ வந்து, குடித்து, கிளாஸைக் கழுவி வைத்தபின் ரப்பர் சுற்றிய இரண்டு கிளாம்பை எடுத்துவந்து முன்சக்கரத்து ஓஸ் இரண்டையும் பைய நெரித்தார். "மிதிங்க." மிதித்தேன். கருங்கல்! அப்படியானால் மாஸ்டர் சிலிண்டரில் குற்றமில்லை, பின்பக்கத்தில் குற்றமில்லை. வலதை விட்டார். கொஞ்சம் அமுங்கியது. இடதையும் விட்டார். மெத்தை. முன்பக்கம் இரண்டு கேலிப்பரிலும் காற்று இருக்கிறது. ஆனால் நிப்பிளில் குமிழி வரவில்லை. இருக்கிற காற்று ஏன் வெளியே வரவில்லை?

அண்ணாச்சி சக்கரத்தின் முன் குத்தவைத்து வெகுநேரம் பார்த்தார். திடீரென்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "ஏலே, இங்க வாலே. நிப்பிளு எங்கன பாக்கு?"

பையன் எட்டிப் பார்த்தான். "தரையப் பாக்கு அண்ணாச்சி."

"எங்கன பாக்கணும்?"

"வானத்த."

எனக்குப் புரிய ஒரு தண்ணீர் பாட்டில் தேவைப்பட்டது. பாதி நீர் இருந்த பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மூடியைச் சற்றே திருகினார். தண்ணீர் சொட்டியது. காற்று மேலே நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. "காத்து எப்பவும் ஒசரத்துக்குப் போவும். வாசலைக் கீழ வச்சா எவன் கீழ வந்து வெளிய போவான்?" கேலிப்பர் இரண்டும் இடம் மாறி மாட்டப்பட்டிருந்தன. இடதுக்குரியது வலதில், வலதுக்குரியது இடதில். மாட்டினால் மாட்டிக்கொள்ளும், போல்ட்டும் சேரும், பிரேக்கும் பிடிக்கும். மேலே இருக்க வேண்டிய நிப்பிள் மட்டும் கீழே வந்துவிடும். அதன்பின் பீப்பாய் பீப்பாயாக ஆயில் ஊற்றி மிதித்தாலும் மேல்பகுதியில் தங்கிய காற்று அசையாது.

டிரைவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்னால் பேடு தேய்கிறதென்று வழியில் ஏதோ ஒரு ஷெட்டில் நிறுத்தியிருக்கிறார். ஓண நேரம், அவசரம். இரண்டு கேலிப்பரையும் கழற்றி ரப்பர் கிட் மாற்றி, பேடும் புதிதாகப் போட்டார்கள். அன்றைக்குத்தான் கைமாறியிருக்கிறது. மூல வியாதியான பின்னை யாரும் பார்க்கவில்லை. மருந்து கொடுத்த கையோடு இரண்டாவது வியாதியையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பேடு தேய்வதால் பெடல் அமுங்குகிறது என்று இவர் இத்தனை நாள் நினைத்தாரே, அதில் ஒரு வேடிக்கையான உண்மை இருக்கத்தான் செய்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். காலை எட்டரை மணிக்கு நான் போனில் எடுத்த படத்தில் அந்த நிப்பிள் பளிச்சென்று இருக்கிறது, தரையைப் பார்த்தபடி. பக்கத்தில் அண்ணாச்சியின் விரலே இருக்கிறது. ஐந்து மணி நேரம் நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம். படத்தைக் காட்டியதும் அண்ணாச்சி முகம் கொஞ்சம் சுண்டியது. "அழிச்சிருங்க சார்." அழிக்கவில்லை.

கேலிப்பர்கள் சொந்த வீடு திரும்பின, புதுச் செம்பு வாஷரோடு. இடதிலிருந்து கழன்றது வலதுக்குப் போனதால் பின்கள், பிஸ்டன் உறை எல்லாவற்றையும் இன்னொரு தரம் பார்த்தார்கள். மறுபடி நான் சீட்டில். "அமுக்கு... பிடி!" கீழிருந்து பையனின் கூச்சல். "வருது, வருது, அண்ணாச்சி, வருது!" எட்டிப் பார்த்தேன். பாட்டிலில் மீன்குஞ்சு வாய் திறப்பது மாதிரிக் குமிழிகள். ஒன்று பெரிதாக வந்து குபுக்கென்று உடைந்தது. ஆறு மாதமாகப் புளியரை ஏறி இறங்கிய காற்று அது. பத்துப் பன்னிரண்டு மிதியில் என் காலுக்கடியில் பெடல் கெட்டிப்பட ஆரம்பித்தது. பாகு பதத்துக்கு வரும்போது கரண்டி கனப்பதுபோல, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சுற்று கனம். கடைசி மிதியில் பாதி வழிக்கு மேல் போகவே இல்லை. நான் ஹாரன் அடித்துக் கொண்டாடினேன். மதுரை ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

புது ஆயில் டின்னைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேக் ஆயில் தண்ணீர்த் தாகம் கொண்டது, காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துவிடும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதன் அளவு 140. டாட் 4-க்கு 230, தண்ணீர் சேர்ந்தால் 155. மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்கும் ஜீப்புகளை அண்ணாச்சி இளவயதில் பழுது பார்த்தவர். கியரில் இறங்காமல் காலை பெடலிலேயே வைத்திருந்தால் ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும், ஓரமாக நின்று ஆறியபின் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வரும். "பேய் புடிச்சிருக்குன்னு எலுமிச்சம்பழம் கட்டி வருவானுக" என்றார். டின்னைத் திறந்தால் மிச்சத்தை நாள்கணக்கில் வைத்திருந்து ஊற்றக் கூடாது. வண்டி பெயிண்டில் பட்டால் தின்றுவிடும் என்று பையன் சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றினான்.

மூடுவதற்கு முன் அண்ணாச்சி ஒரு சின்ன உளியை எடுத்துக் கேலிப்பர் ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டுத் தட்டினார். இடதில் 'இ'. வலதில் 'வ'. எதற்கென்று கேட்டேன். "அடுத்த ஷெட்டுக்காரனுக்கு லெட்டரு."

"கேரளாவுல கழத்துனா?"

யோசித்தார். மறுபடி உளியை எடுத்து, பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் வெட்டினார். மேல்நோக்கி.

மாலை ஐந்து மணிக்குச் சோதனை ஓட்டம். டிரைவர் ஓட்ட, நான் நடுவில், அண்ணாச்சி ஓரத்தில். புதுப் பேடு டிஸ்க்கில் உட்கார வேண்டும், முதல் நூறு இருநூறு கிலோமீட்டருக்கு வெறிகொண்டு அடிக்காதே, இதமாக மிதித்து விடு என்று அண்ணாச்சி மூன்று தடவை சொல்லிவிட்டார். டிரைவரும் தலையை ஆட்டினார். வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர் ஓடிப்போய் வாங்கி வந்த கால்கிலோ அல்வா டேஷ்போர்டின்மேல் எண்ணெய் கசிந்தபடி உட்கார்ந்திருந்தது.

தலையை ஆட்டினாரே தவிர, காலுக்கு யார் சொல்வது? ஆறு மாதமாகப் பழகிய கால் அது. எதிரே ஒரு எருமை நிதானமாக ரோட்டைக் கடக்க இறங்கியது. டிரைவர் வழக்கம்போல வெகு முன்னாலேயே, வழக்கம்போல முழு பலத்தோடு, டப் டப் டப்பென்று மூன்று மிதி மிதிக்கத் தயாராக முதல் மிதியை மிதித்தார்.

வண்டி நின்ற இடத்தில் நின்றது. எருமை இன்னும் முப்பது அடி தள்ளி இருந்தது. இரண்டாவது மிதிக்குத் தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க, டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் மடியைப் பார்த்தேன். கால்கிலோ அல்வாவும், பொட்டலம் பிரிந்து, சூடு ஆறாமல் அங்கேதான் இருந்தது.